எட்டேகால்

எங்கள் ஆய்வகக் கதவு தினமும் புதுக் கணக்கு கேட்கும். அவரவர் ரகசிய எண்ணை வைத்து மனக்கணக்காகப் போட்டு விடையைத் தட்ட வேண்டும். ஒரு மாதம் பின்னால் நின்று பார்த்தால் யாருடைய எண்ணையும் பிடித்துவிடலாம். அங்கேயே வேலை பார்த்த என் மச்சானுடையதை அப்படித்தான் பிடித்தேன். அவர் பெயரில் நுழைந்து திருடினேன். அவருக்கு வேலை போயிற்று.

“மாப்ள, நீயா?” ஒரு தடவைதான் கேட்டார்.

“சத்தியமா இல்ல மச்சான்.”

அவர் இறந்து ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. இந்த வாரம் கதவின் பதிவேட்டில் என் பெயர் தினமும் இரண்டு முறை இருக்கிறது: எட்டேகாலுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. நான் வருவது ஒன்பதுக்கு. எட்டேகால் மச்சான் வரும் நேரம்.

நேற்று என் எண்ணை மாற்றச் சொன்னார்கள். மாற்றிவிட்டேன். இன்று விடையைத் தட்டும்போது, பின்னால் இருப்பவருக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் விலகி நின்றேன்.