ஒன்பது ஆம்பியர்

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் கௌதமன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே எதுவும் கருகவில்லை. ஆனாலும் மோட்டார் ரூமில் நுழைந்தாலே அவனுக்கு வெந்த செம்புக்கம்பிக் காயிலின் நாற்றம்தான் அடிக்கிறது. ஒரு வருடமாக.

"நீங்க படிச்சவங்க சாமி. இந்தாளு மாட்டுனது செரியா இருக்குதான்னு பாருங்க. இல்லீன்னா இப்பவே அனுப்பிப்போடறேன்," என்றாள் வசந்தாமணி. அவளுடைய கிணற்று மோட்டார்.

'இந்தாளு' பின்னால் நின்றார். மெக்கானிக் சென்னிமலை. ஸ்க்ரூடிரைவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி. அந்தப் பணிவும் கௌதமனுக்கு அருவருப்பாக இருந்தது.

எருமப்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. போன சித்திரையில் கௌதமன் வீட்டு மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாட்டியவர் சென்னிமலை. பத்தாம் நாள் காயில் வெந்து, கரண்ட் தண்ணீர்க் குழாயில் இறங்கியது. கால் கழுவக் குழாயடிக்குப் போனாள் நர்மதா, கௌதமனின் மனைவி.

அன்று கௌதமன் வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது, கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயின் டயல் பதினாலில் இருந்தது.

எழவு வீட்டில் நர்மதாவின் அண்ணன் சென்னிமலையை அறைந்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. வசந்தாமணிதான் முதல். இந்த வேலையும் போனால் அவர் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான்.

கெபாசிட்டர் ஒரு பொய் சொல்லும்.

மோட்டார் சுற்றுவதற்கு ஒரு கரண்ட் இழுக்கும், காந்தமாக நிற்க இன்னொன்று. அந்த இரண்டாவதைக் கெபாசிட்டர் பக்கத்தில் இருந்தே கொடுத்துவிடும். மீட்டரில் பதினொன்று ஒன்பதாகிவிடும். காயிலில் ஓடுவது மட்டும் அதே பதினொன்று. ரிலேவுக்கும் அந்த ஒன்பதுதான் தெரியும். அதனால் டயலையும் ஒன்பதுக்கு இறக்கி வைக்க வேண்டும். இறக்காவிட்டால் காயில் வேகும்வரை ரிலே சும்மா இருக்கும்.

பவர் ஃபேக்டர் பாடம். திருச்செங்கோட்டுக் கல்லூரியில் கௌதமன் இதை எழுதித்தான் பாஸானான்.

செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

டயல் ஒன்பதில் இருந்தது. பச்சை எர்த் ஒயர் புதிது, அழுத்தமாக முறுக்கியிருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பினான். சென்னிமலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை கெஞ்சவில்லை. இரக்கப்பட்டது.

கௌதமன் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"ஏனுங்க, நம்பலாமுங்களா?" என்றாள் வசந்தாமணி.

"நம்பலாங்கக்கா. இப்பத்தான் தொழில் கத்துக்கிட்டாரு போல."

வசந்தாமணி சிரித்தாள்.

"ஆமாங்க சாமி," என்றார் சென்னிமலை.

கௌதமன் பெட்டியை மூடிவிட்டு விரல்களை லுங்கியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

வோல்டேஜ் குறைந்து கரண்ட் ஏறி, ரிலே மோட்டாரை நாலு தடவை நிறுத்திய அன்று, ஒவ்வொரு தடவையும் மோட்டாரைப் போட நான்தான் நடக்க வேண்டுமா என்று நர்மதா சலித்துக்கொண்ட சாயங்காலம், சென்னிமலை ஒன்பதில் வைத்துவிட்டுப் போன டயலைப் பதினாலுக்குத் திருப்பிய விரல்கள்.