நாலாவது பீரியட்

"ஜாமெண்ட்ரிக்கு மட்டும் ஒரு நல்ல டியூசன் வாத்தியாரா சொல்லுங்க டீச்சர். மத்த கணக்கெல்லாம் போட்டுக்கினுதான் இருக்குது. இது ஒண்ணுதான் வரமாட்டேங்குது."

என் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றுகொண்டு தனம் இதைச் சொன்னாள். பக்கத்துக் கிராமம் வடக்குத்துக்காரி. எங்கள் டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் ரோடு கூட்டுகிறவள். பக்கத்தில் அவள் மகள் இசைப்பிரியா, என் பத்தாம் வகுப்பு மாணவி, காம்பவுண்டுச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

2014 பொங்கல் லீவு. உள்ளே வாருங்கள் என்றேன். பரவாயில்லை என்று அங்கேயே நின்றாள்.

அவள் கையில் அரையாண்டுக் கணக்குப் பேப்பர். நூற்றுக்கு இருபத்தெட்டு. திருத்தியது நான்தான். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். செய்முறை வடிவியலுக்கு மட்டுமே பத்து மார்க், அதில் சுழி போட்டிருந்தேன். அந்தப் பத்தில் ஏழு வாங்கியிருந்தால்கூடத் தப்பித்திருப்பாள்.

மார்ச்சில் கோட்டை விட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டாராம். அங்கே இருக்கிற சித்தி எப்போது அனுப்புகிறாய் என்று போன்மேல் போன் போடுகிறாளாம். தனத்துக்கு மனசு ஒப்பவில்லை. இந்த ஒன்றையாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்றாள்.

பக்கத்து பிளாக் சக்கரபாணி சாரைச் சொன்னேன். அவரையும் பார்த்தாகிவிட்டதாம். பரீட்சை கிட்டத்தில் வந்துவிட்டது, இனிமேல் புதுப் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். மந்தாரக்குப்பத்து டியூஷன் சென்டரிலும் அதே பதில்தான்.

நான் டியூஷன் எடுப்பதில்லை. இருபது வருஷமாகப் பாடத்தை வகுப்பிலேயே முடித்துவிடுகிறவள் இந்த சந்திரகலா. போர்டில் வெறுங்கையால் நான் வட்டம் போட்டால் ஹெச்.எம்.மே நின்று பார்த்துவிட்டுப் போவார். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு வடிவியல் வரவில்லை என்று ஒருத்தி வாசலில் வந்து நின்றால் எரிச்சல் வராதா?

இசைப்பிரியா கக்கத்தில் வைத்திருந்த வடிவியல் நோட்டை வாங்கிப் புரட்டினேன்.

மணிமணியான கையெழுத்து. கேள்வி இருந்தது. உதவிப்படம் இருந்தது. ஸ்கேல் பிடித்து இழுத்த முதல் கோடு இருந்தது. அதற்குக் கீழே வெறும் தாள். பக்கத்தின் அடியில் மட்டும், 'இதுவே தேவையான முக்கோணம்.'

அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்த பக்கமும். வட்ட நாற்கரத்துக்கு வந்தாலும் அதே கதை, தொடக்கமும் முடிவும் இருந்தன, நடுவில் ஒன்றுமில்லை.

"நடுவுல எங்கடி?" என்று அதட்டினேன்.

கேட்ட மாத்திரத்தில் எனக்கே பதில் தெரிந்துவிட்டது.

தனம்தான் பேசினாள். டீச்சர் நன்றாகத்தான் நடத்துகிறார், என் மண்டையில்தான் ஏறவில்லை என்று சொல்லி ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்றாள். இந்தப் பெண் என்னைப் பற்றி வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்!

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. நாளைக்கே சாயங்காலம் இங்கே அனுப்பு, நானே சொல்லித் தருகிறேன், பைசா வேண்டாம் என்றேன்.

தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். அந்தக் கையைத் தட்டிவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

"சும்மா வேணாம் டீச்சர். கடகண்ணிக்குப் போவணும், வூட்டுல எதுனா வேல இருக்குதுன்னா இவகிட்ட சொல்லுங்க. ஓடியாந்து செஞ்சிக் குடுத்துடுவா."

ஜூன் மாதத்திலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறாள்.

செவ்வாயும் வியாழனும் நாலாவது பீரியட் எனக்கு அவர்கள் வகுப்பு. வடிவியலை அந்த இரண்டு நாளில்தான் நடத்துவேன். மற்ற நாட்களில் அந்த நேரம் எனக்கு ஓய்வு, வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போவேன். இந்த இரண்டு நாளும் அது முடியாது, சாப்பாட்டு இடைவேளை மட்டும் போய்வரப் போதாது. காலையில் கட்டிக்கொண்டு போன ஆறின சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் போர்டில் கேள்வியை எழுதி, உதவிப்படம் போட்டு, முதல் கோட்டை இழுத்ததும் இசைப்பிரியாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவேன். சைக்கிள் வைத்திருக்கிற பெண், பொறுப்பான பெண் என்று நான்தான் அவளைப் பொறுக்கி எடுத்தேன். எழுந்து போவாள். என் மாமியார் அடுக்கி வைத்திருக்கும் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வரும்போது நான் கடைசி வரியை எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. நானும் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரே ஒரு நாள்கூட!

செய்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லுடி என்று தனம் மகளின் தோளைத் தொட்டாள்.

"செய்றேன் டீச்சர்," என்றாள் இசைப்பிரியா. கொஞ்சம் பொறுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, "செவ்வாக்கெழமயும் வியாழக்கெழமயும் மட்டும் கிளாஸ்லயே இருந்துக்கறேன்," என்றாள்.

தனத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரிடம் இப்படியா பேசுவது, கிளாஸில் இல்லாமல் அந்த இரண்டு நாளும் எங்கேடி ஊர் சுற்றுகிறாய் என்று கேட்டு, மகளின் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள்.

இசைப்பிரியா பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

நானும் பேசவில்லை.