மேடேறாத கார்

"யோவ், இன்ஜினைப் பிரிச்சியா, இல்ல மேலாகத் துடைச்சு அனுப்பிட்டியா?" பட்டறை வாசலில் காரைவிட்டு இறங்கியதுமே கணவன் மெக்கானிக்கிடம் எகிறினான். கூடவே இறங்கிய மனைவி, கைப்பையுடன் நின்றாள்.

"சார், சிலிண்டரைக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போட்டேன். பழைய சாமான் கடையில அலைஞ்சு நல்ல கார்புரேட்டரா பிடிச்சேன். உங்க பட்ஜெட்டுக்கு..."

"பட்ஜெட்டைப் பத்திப் பேசாத. இருபது வருஷ இன்ஜினா இருந்தாலும் பந்தயத்துல பறக்கும்னு சொன்னியா இல்லையா? இப்ப மேட்டுல சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் முன்னாடி மானம் போகணுமா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் கணவனின் குரல் இறங்கியது. "ரொம்பத் திட்டிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. ஆக்சிலேட்டருக்கு அடியில நான் சொல்லி நீங்க வச்ச போல்ட் அப்படியே இருக்கட்டும். பாதிக்கு மேல மிதிக்க முடியக் கூடாது. பந்தயத்துல ஓட்டப்போறது அவ. வேகமாப் போய் ஏதாவது ஆயிட்டா?"

மெக்கானிக் அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

மனைவி வந்து நின்றிருந்தாள். கைப்பையிலிருந்து அந்தப் போல்ட்டை எடுத்து, வாசலில் கிடந்த மேஜைமேல் நங்கென்று வைத்தாள்.

"காலையிலயே கழட்டிட்டேன். யார் வேலைன்னு தெரிஞ்சுக்கத்தான் வர்ற வழியெல்லாம் பாதி மிதிச்சே ஓட்டிட்டு வந்தேன்."

கார் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"ஏறுங்க. வீட்டுக்குப் போறப்ப முழுசா மிதிக்கிறேன்."