மூடிய திருப்பம்

அந்தத் திருப்பத்தை நான் மூடிவிட்டேனே, நீ எப்படி வந்தாய் என்று சிக்ரிட் மனதுக்குள் கேட்டாள். சோதனை மேசையில் இருந்தது மூச்சுக்கருவிக்கான கணினிச் சில்லு. உள்ளே தரவுப் பொட்டலங்கள் ஒன்றையொன்று மறித்து உறைந்துவிடக் கூடாதென்று, வடக்கிலிருந்து மேற்கே திரும்பக் கம்பியே வைக்காமல் வரைந்திருந்தாள். அந்த வழியாகத்தான் ஒரு பொட்டலம் வந்திருப்பதாகத் திரை காட்டியது. அனுப்பியது பதினேழாம் முனை. சில்லில் பொட்டலம் அனுப்பும் முனைகளே பதினாறுதான்.

லுண்ட் நகர அலுவலகமே காபிக்கு எழுந்துவிட்டது. மேலாளர் யோரன் ஏலக்காய் பன்னோடு வந்தான்.

"அந்த ஒண்ண விட்டுட்டு, சோதனையில தேறிடுச்சுன்னு கையெழுத்துப் போடேன். பன்னு ஆறுது."

"நீ தின்னு."

"பேயா வந்து அனுப்புது?"

அவள் சில்லின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரையில் பதினேழிலிருந்து இன்னொன்று வந்தது.

யோரன் பன்னைக் கீழே வைத்தான். "நாம பாக்கலைன்னு வெச்சுக்கலாம்."

சிக்ரிட் பேனாவை மூடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் பாத்துட்டேன்."