வாய்க்கரிசி போட்ட கை

ஒரத்தநாட்டுச் சாலையோரம் காயும் நெல்லை ஐயாவு காலால் துழாவிக்கொண்டிருக்கிறார். காய்ந்ததா என்று கடித்துப் பார்க்க ஒரு மணியை எடுக்கும்போது, பக்கத்து வீட்டுப் பரிதி பைக்கை நிறுத்திச் செல்போனை நீட்டுகிறான். "பெரியப்பா, ஒங்க ஜெனரலப் பாருங்க. இப்ப தூதராம். கோட்டு சூட்டுல மாப்புள கணக்கா இருக்காரு!" வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். அதே நரைத்த மீசை. எவனையும் நம்பாத ஐயாவு நம்பிய ஒரே ஆள். எல்லையில் சுடப்பட்ட மகன் வெற்றிச்செல்வனைக் கொண்டுவந்த அன்று, அவன் படையின் ஜெனரலாகக் கூடவே வந்து, சுடுகாட்டில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, பெற்ற அப்பனைப் போல வாய்க்கரிசி போட்டவர். படத்தில் அந்தக் கை ஒரு லட்டை எடுத்து எதிரே நிற்கும் பட்டாளத்துக்காரன் வாயில் ஊட்டுகிறது. இருவரும் சிரிக்கிறார்கள். "அவன் யாருடா?" பரிதியின் குரல் இறங்குகிறது. "எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டுத் தளபதி. நம்ம வெற்றிய சுட்டது அவன் ஆளுங்கதான். சமாதானம் ஆயிட்டாங்க பெரியப்பா. இனிமே யாரு புள்ளையும் சாவாது, நல்லதுதானே?" "நல்லதுதான். அதுக்கு அந்தக் கையாலயா ஊட்டணும்?" காக்கைகள் நெல்லில் இறங்குகின்றன. ஐயாவு விரட்டவில்லை. கடிக்க எடுத்த நெல்மணி உதட்டருகே விரலிலேயே நிற்கிறது. வாய் திறந்தபடி இருக்கிறது. உள்ளே போட முடியவில்லை.