திங்கட்கிழமை வகுப்பு

“நடு ரோட்டுல எவளாவது இப்படி பிரேக் அடிப்பாளா?”

காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக மனைவியின் மேல் பாய்ந்தார் வாத்தியார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, அந்த வட்டாரத்துக்கே அவர் வாத்தியார்தான்.

சனி, ஞாயிறு ஏரிக்கரை விடுதியில் ஓய்வாக இருந்துவிட்டு வரலாமென்று மகளோடு ஸ்கூல் காரிலேயே கிளம்பியிருந்தார்கள். வாரம் முழுக்க விடிவதற்குள் எழுந்து வகுப்பு எடுத்தவருக்குக் கண் சொக்கியது. “நீங்க தூங்குங்க, நான் ஓட்டுறேன்” என்று மனைவி சாவியை வாங்கிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் சாய்ந்தவர், பின்னால் வந்த கார் முட்டிய பிறகுதான் கண்விழித்தார்.

யாருக்கும் பெரிய அடியில்லை. மனைவியின் நெற்றி மட்டும் ஸ்டியரிங்கில் இடித்துப் புடைத்திருந்தது. முட்டிய காரின் முகப்பு நசுங்கிப் போயிருந்தது.

“முன்னாடி ஒரு ஈ காக்கா இல்லை. திடீர்னு கல்லு மாதிரி நின்னா நான் என்ன பண்றது?” என்று கத்திக்கொண்டே வந்தார் அந்தக் காரின் சொந்தக்காரர். இவர்கள் காரின் முதுகில் பெரிதாக எழுதியிருந்த வாத்தியார் பெயரையும் ‘டிரைவிங் ஸ்கூல்’ என்பதையும் படித்தார். “ஓகோ, ஓட்டக் கத்துக்கொடுக்கிற வண்டியா? நல்லா வெளங்கும்!”

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது.

“மன்னிச்சிடுங்க சார். நான் ஓட்டல. இவதான் ஓட்டினா.”

“என் தப்புதாங்க” என்றாள் மனைவி. “நாய் குறுக்க வந்த மாதிரி இருந்துச்சு.”

பின்சீட்டிலிருந்து இறங்கிய மகள் “அம்மா, நீ...” என்று ஆரம்பித்தாள். அம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

“நாயே வந்தாலும் முதல்ல கண்ணாடியில பின்னாடி பாக்கணும்!” வாத்தியார் விடவில்லை. “சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். வீட்டுல இருக்கறவளுக்கு ஏறலையே!”

புடைத்த நெற்றியோடு அவள் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து அந்த மனிதருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “விடுங்க சார், பாவம். இன்சூரன்ஸ்ல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார் வாத்தியார்.

“திங்கட்கிழமை பெண்கள் வகுப்பை நீ எடுக்கப்போறதா பேச்சு இருந்துச்சே, அதை இதோட மறந்துடு.”

பயிற்சியாளருக்கான பரீட்சையெல்லாம் எழுதித் தேறியவள். கேட்டுக் கேட்டு, கடைசியில் இந்தப் பயணத்தில் அவள் ஓட்டுகிற அழகைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவர் இறங்கிவந்திருந்தார்.

“சரிங்க” என்றாள். ஈரக் கைக்குட்டையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார் கொஞ்ச தூரம் போயிருக்கும்.

“அப்பா, ஓரமா நிறுத்துங்க” என்றாள் மகள். “அம்மாவே ஓட்டட்டும்.”

“பட்டது போதாதா?”

“நாய் எதுவும் வரலப்பா. அம்மா பிரேக்கும் அடிக்கல.”

“பின்னே, பேய் வந்து அடிச்சுதா?”

“நீ சும்மா இருடி” என்றாள் அம்மா.

“இரும்மா. சொல்லாம விட்டா எனக்கு ஏரித் தண்ணிகூடக் கசக்கும். அப்பா, கத்துக்கிறவங்க தப்பு பண்ணினா நீங்க மிதிக்க, அந்த சீட்டுக்கு முன்னாடியும் ஒரு பிரேக் வச்சிருக்கீங்களே... தூக்கத்துல ‘நிறுத்து, நிறுத்து’ன்னு முனகிக்கிட்டே அதை ஓங்கி மிதிச்சது நீங்கதான். பின்னாடியிருந்து நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

கார் தானாக ஓரம் கட்டியது போல நின்றது.

‘நான் ஓட்டல’ என்று எவ்வளவு அவசரமாகச் சொன்னோம் என்பது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

“அந்த ஆள்கிட்டயே நீ சொல்லியிருக்கலாமே?” என்றார் மனைவியிடம்.

“எதுக்கு? வண்டி முதுகுல உங்க பேர்தானே ஓடுது? என் பேரை எங்கயும் எழுதலையே. என்னைத் திட்டினா அது அந்த இடத்தோட போச்சு.”

“வகுப்பு வேண்டாம்னு சொன்னப்பகூட...”

“விடுங்க. இது எனக்குப் புதுசா? ராத்திரி தூக்கத்துல தினம் என் காலைத்தானே பிரேக்குன்னு மிதிக்கிறீங்க. கத்துக்க வர்ற எந்தப் பொண்ணு எப்படி ஓட்டுறான்னு அந்த மிதியிலயே எனக்குத் தெரிஞ்சிடும்.”

பின்சீட்டில் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கி, சுற்றி வந்து, மனைவியின் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை நீட்டினார்.

“நீயே ஓட்டு. திங்கட்கிழமை வகுப்பும் உன்னுதுதான்.”

“அப்ப நீங்க பக்கத்துல உக்காந்து...”

அவர் பின்கதவைத் திறந்தார்.

“நகருடி” என்றார் மகளிடம். “அப்பாவுக்குப் பிரேக் இல்லாத சீட்டுதான் சரி.”