இரண்டாவது படகு

எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது.

சொல்லிவைத்த இடத்தில்தான் நின்றது. கரையும் எட்டாது, தீவும் எட்டாது. சுற்றிலும் அல்லி இலைகளும் ஆகஸ்ட் வெயிலும்தான்.

படகோட்டி பேரோ எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, காலையில் ஸ்டாங்கா சொல்லிக்கொடுத்தபடியே தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சம் ஆறட்டும். அவசரப்பட்டா ஆகாது."

சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

படகின் முன்பலகையில் ஸ்டாங்காவின் மாமனார் வூக்கோட்டா. பின்பலகையில், எஞ்சினை ஒட்டி, அவருடைய அண்ணன் ராடோயே. நடுவில் ஸ்டாங்கா, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு.

அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருடம் ஆகிறது. தாயை அடக்கம் செய்த அன்று ராடோயே ஹாம்பர்க்கிலிருந்து வந்து சேர்வதற்குள் குழியை மூடியிருந்தார்கள். ஏன் காத்திருக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. இன்ன காரணம் என்று தம்பி சொல்லவும் இல்லை. பேச்சு அன்றோடு அறுந்தது.

ஆனாலும் கோடை வந்தால் குடும்பம் சொந்த ஊரான விர்பசாரில், இந்த ஏரிக்கரையில், கூடியாக வேண்டும். ஊர் சுற்றத் திட்டம் போடுவது மருமகளின் வேலை. சண்டைக்குப் பிறகு வாழ்க்கைப்பட்டு வந்த ஸ்டாங்கா வருடாவருடம் இரண்டு திட்டங்கள் போட்டாள். பெரியவர் கடலுக்குப் போனால் சின்னவர் மலைக்கு. சின்னவர் கோட்டைக்குப் போனால் பெரியவர் அருவிக்கு. பிள்ளைகள்கூட, இது யார் கட்சிக் கார் என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

இந்த வருடம் ஒரே திட்டம். ஏரி நடுவே இருக்கும் மடாலயத் தீவு.

முதல் படகில் மொத்தக் கூட்டத்தையும் திணித்து அனுப்பினாள். தம்பி அதில் போய்விட்டார் என்று ராடோயேவிடம் சொன்னாள். வைன் எடுத்துவரக் காருக்குப் போயிருந்த மாமனார் திரும்பி வந்தபோது, அண்ணன் இரண்டாவது படகில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

ஏறாமல் போனால் தம்பி தோற்றவர். இறங்கிப் போனால் அண்ணன் தோற்றவர். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், தோற்றுப் பழக்கமில்லை.

இப்போது இறங்க இடமும் இல்லை.

வெயில் ஏறியது. ஒரு நீர்க்காகம் முங்கி, வெகுதூரம் தள்ளி எழுந்தது. ஸ்டாங்கா கூடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இது பிசகினால் அடுத்த கோடைக்கு ஒரு கட்சி வராது. அந்தப் பழி தன் தலையில்தான் விடியும்.

பேரோ நிஜமாகவே குறட்டைவிடத் தொடங்கினார்.

வூக்கோட்டா தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார். யாரிடம் பேசுகிறார் என்று முதலில் அவளுக்கே புரியவில்லை.

"பாதிரியார் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான்தான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னேன். வெயில் விடலண்ணே. அம்மாவ அப்படி வெச்சிருக்க எனக்கு மனசு வரல."

ராடோயே கையை ஏரியில் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்தார்.

"பிளேன் கிளம்பவே இல்லடா. அங்க உட்கார்ந்துகிட்டு உன்னத்தான் திட்டினேன். திட்டுறதுக்கு வேற யாரு இருக்கா எனக்கு?"

பிறகு எழுந்தார். படகு ஆடியது. "நீ இப்படித் தள்ளும்மா" என்று ஸ்டாங்காவை ஒதுக்கிவிட்டு, தட்டுத் தடுமாறிப் போய்த் தம்பியின் பலகையிலேயே உட்கார்ந்தார்.

கூடை திறந்தது. ரொட்டியும் புகை போட்ட கெண்டை மீனும் கை மாறின. கோப்பைகள் முதல் படகில் போய்விட்டதால் வைனைப் பாட்டிலோடு குடித்தார்கள்.

"புளிக்குதுடா."

"உனக்கு எந்த வருஷம் இனிச்சிருக்கு?"

ஸ்டாங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலால் பேரோவின் பாதத்தைத் தட்டினாள். அவர் விழித்து, எஞ்சின் பக்கம் குனிந்து, கயிற்றைப் பிடித்தார். ஒரே இழுப்பில் எஞ்சின் உறுமியது.

தீவின் கரையில் கூச்சலும் சிரிப்புமாக நின்றிருந்த கூட்டம், ஒரே பலகையில் இரண்டு வெள்ளைத் தலைகளைக் கண்டதும் அடங்கிப்போனது. யாரோ ஓர் அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டாங்கா முந்தானை இல்லாத குறைக்குத் தலைக்குட்டையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தாள். வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து எந்தக் கோட்டையும் எந்த அருவியும் அவளுக்கு இத்தனை அழகாகத் தெரிந்ததில்லை.

வூக்கோட்டா முதலில் இறங்கிப் படியேறினார். ராடோயே இறங்குவதற்கு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"பெட்ரோல் டேப்ப மூடிவெச்சா எந்த எஞ்சின்மா ஓடும்?"

அவள் திரும்பிப் பேரோவைப் பார்த்தாள்.

"ஹாம்பர்க்ல ஆயுசு பூரா நான் கழட்டி மாட்டினது படகு எஞ்சின்தான். இந்த வீட்ல உனக்கு யாரும் சொல்லலையா?"

"அப்ப ஏன் மாமா நீங்க தொறக்கல?"

ராடோயே படிகளை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், நில்லுடா. நானும் வர்றேன்."

வூக்கோட்டா நின்றார். அண்ணன் ஒவ்வொரு படியாக ஏறி வந்து சேரும்வரை, வெயிலில் அப்படியே நின்றார்.